பஸ்ஸில் விட்டுவிட்டு வந்த பிள்ளை



கொஞ்சம் நீளமான பதிவு. சுற்றுலா மாதம் வருகிறது. எங்கள் பகுதிப் பாடசாலைகளில் பஸ் பேசுவது, காசு சேர்ப்பது எல்லாம் தொடங்கியாயிற்று. அதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். ஆசிரியர்கள், பெற்றார் இரு பகுதியினரும் நேரம் எடுத்து வாசியுங்கள். பிள்ளையின் உம்மா முதலில் வாசித்து, "போடுங்க டீச்சர்" என்று சொன்ன பிறகுதான் போடுகிறேன். பெயர் எழுதவில்லை. மகன் என்றே எழுதுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் தரம் 3 பிள்ளைகள் 41 பேரைக் கொழும்புக்குக் கூட்டிப் போனோம். புத்தளம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்குத் தெரியும், ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிவிடத்தான் பார்ப்போம். காலையில் நூதனசாலை, பகலைக்குப் பிறகு தெஹிவளை மிருகக்காட்சிசாலை, பின்னேரம் காலிமுகத் திடல். திரும்பி வரும்போது நடு இரவு.

அந்த 41 பேரில் மகனும் ஒருவன். அவனுக்கு ஒட்டிசம் இருக்கிறது. பேச்சு குறைவு. ஆனால் எண்களில் கெட்டிக்காரன். வகுப்பில் மின்விசிறியின் சத்தம் கூடினால் காதைப் பொத்துவான். சட்டைக் கொலரில் இருக்கும் லேபல் உறுத்துகிறது என்று பிய்த்து எடுத்துவிடுவான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், "எல்லாப் பிள்ளைகளும் போகும்போது அவனையும் கூட்டிப் போவதுதானே நியாயம்" என்று மட்டும் நினைத்தேன். கூட்டிப் போவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்கவில்லை.

பஸ்ஸில் நன்றாகத்தான் வந்தான். ஜன்னலோரம் இருந்து கிலோமீற்றர் கற்களை எண்ணினான். நூதனசாலைக்குப் போய் இறங்கியபோது பத்தரை மணி. எங்களுக்கு முன்னால் நாலைந்து பாடசாலைகள். ஒரு சேர் விசில் அடித்துப் பிள்ளைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். வெயில். வியர்வை. உள்ளே போனதும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் சத்தம் உயரமான கூரையில் பட்டுத் திரும்பி வருகிறது. நானே ஒரு நிமிடம் தடுமாறினேன்.

மகன் நிலத்தில் இருந்துவிட்டான். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கத்தத் தொடங்கினான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு மூன்று பேர் ஃபோனைத் தூக்கினார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் கையை இறுக்கிப் பிடித்து, "எழும்புங்க, எல்லாரும் பார்க்கிறாங்க" என்று அதட்டினேன். எழும்பவில்லை. தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றினேன். க்ளீனர் தம்பியிடம், "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டு மற்ற நாற்பது பேரிடம் ஓடினேன். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு வந்து பார்த்தால், மகன் ஆசனத்துக்குக் கீழே சுருண்டு தூங்கிக் கிடக்கிறான். காற்சட்டை நனைந்திருந்தது. மிருகக்காட்சிசாலையிலும் அவன் இறங்கவில்லை.

இது என்னுடைய முதலாவது பிழை. இரண்டாவது இதைவிடப் பெரியது.

இரவு பாடசாலை கேட்டடியில் அவனுடைய உம்மா நின்றுகொண்டிருந்தார். வாப்பா கட்டாரில். கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். "புள்ள நல்லாப் பார்த்தானா டீச்சர்?" என்று கேட்டார்.

"ஓ ராத்தா, நல்லாப் பார்த்த" என்று சொன்னேன்.

அடுத்த நாள் மகன் பாடசாலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நான்காம் நாள் உம்மா தனியே வந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னார்.

"டீச்சர், நீங்க உண்மையைச் சொல்லி இருந்தா நான் கோவிக்கமாட்டேன். மூணு நாளா ராவையில எழும்பி அழுறான். ஏன் அழுறான் எண்டு தெரியாம நானும் சேர்ந்து அழுதேன். தெரிஞ்சிருந்தா அதுக்கு ஏத்த மாதிரி அணைச்சிருப்பேனே."

அவர் போன பிறகு வகுப்பறையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு விசேட கல்வி ஒரு பாடமாக இருந்தது. வரைவிலக்கணம் பாடமாக்கினோம். வகைகளை அட்டவணை போட்டோம். பரீட்சையில் நல்ல புள்ளியும் எடுத்தேன். ஆனால் நாற்பது பிள்ளைகள் வரிசையில் நிற்க, ஒரு பிள்ளை நிலத்தில் கிடந்து கத்தும்போது என்ன செய்வது என்று அந்தக் குறிப்புப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையாகப் படிக்கத் தொடங்கினேன். மகனைப் பார்க்கும் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் உம்மாவோடு இரண்டு தடவை போனேன். அவர் முதலில் எனக்கு விளக்கியது இதைத்தான். எங்கள் காதுக்கு ஒரு விசில் சத்தம் வெறும் விசில் சத்தம். சில பிள்ளைகளின் காதுக்கு அது பல் வைத்தியரின் துளையிடும் இயந்திரத்தைக் காதுக்குள் வைத்த மாதிரி. காது மட்டுமில்லை. சிலருக்கு வெளிச்சம் கூசும். சிலருக்கு வாசனை குமட்டும். சிலருக்கு ஒரு கை தெரியாமல் பட்டாலே நெருப்புச் சுட்ட மாதிரி இருக்கும். இன்னும் சிலர் நேர்மாறு. அவர்களுக்கு எதையும் தொட்டு, உரசி, அழுத்திப் பார்த்தால்தான் உடம்பு அமைதியாகும். ஒரே பிள்ளையிடம் இரண்டும் இருக்கலாம். இதை முன்பெல்லாம் பிடிவாதம் என்று ஒதுக்கினார்கள். 2013இல் அமெரிக்க உளமருத்துவர்கள் வெளியிட்ட நோயறிதல் கைந்நூலில், புலன்கள் இப்படிக் கூடக் குறைய வேலை செய்வதும் ஒட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. ஒட்டிசம் இல்லாத பிள்ளைகளிலும் இது இருக்கலாம். உங்கள் வகுப்பிலும் யாராவது இருப்பார்கள்.

இன்னொன்றையும் அவர் சொல்லித் தந்தார். பிடிவாதம் பிடிக்கிற பிள்ளை, நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். கேட்டதைக் கொடுத்தால் நிறுத்தும். ஆனால் தாங்க முடியாமல் உடைந்துபோகிற பிள்ளைக்கு யார் பார்க்கிறார் என்பதே தெரியாது. எதைக் கொடுத்தாலும் நிற்காது. அதற்கு அடியும் ஏச்சும் மருந்தில்லை. சத்தத்திலிருந்து வெளியே எடுப்பது, நாம் பேச்சைக் குறைப்பது, சுற்றி நிற்கிறவர்களை விலக்குவது, காத்திருப்பது. மருந்து அவ்வளவுதான்.

இந்த வருடம் மகன் தரம் 5. சுற்றுலாக் கடிதம் போனபோது அவனுடைய உம்மா, "அவன் வேணாம் டீச்சர்" என்று எழுதி அனுப்பினார். நான் வீட்டுக்குப் போனேன். "ராத்தா, ஒரு மாதம் எனக்குத் தாங்க. அதுக்குப் பிறகும் நீங்க வேணாம் எண்டா நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன்" என்றேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "ஒரு விஷயம் மட்டும். என்ன நடந்தாலும் என்கிட்ட அப்படியே சொல்லணும்" என்றார். சரி என்றேன்.

அந்த ஒரு மாதத்தில் செய்தவற்றைத்தான் வரிசையாக எழுதுகிறேன். எதற்கும் பெரிய செலவில்லை. யாரும் செய்யலாம்.

முதலில் உம்மாவிடம் கேட்டேன். எந்தச் சத்தம் ஆகாது, எந்த வாசனை ஆகாது, எதைத் தொட்டால் பிடிக்காது, எது பிடிக்கும், கலங்கினால் எதில் அமைதியாவான். இவ்வளவு நாளும் நான் கேட்டிராத கேள்விகள். விசில், மைக், கழிப்பறையில் தண்ணீர் இழுக்கும் சத்தம், கை காயவைக்கும் இயந்திரம், இந்த நாலும் ஆகாது. மடியில் பாரமான புத்தகப்பையை வைத்தால் அமைதியாவான். உம்மாவின் பழைய ஷோல் ஒன்றை முகத்தில் வைத்துக்கொள்வான். சொரசொரப்பான எதையாவது விரலால் தேய்த்துக்கொண்டே இருப்பான். ஒரு பக்கத்தில் எழுதி முடித்தேன். இரண்டு வருடங்களுக்கு முன் இந்த ஒரு பக்கம் என்னிடம் இருந்திருந்தால்!

இரண்டாவது, ஒரு சின்னப் புத்தகம் செய்தேன். கேரல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1990களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய முறை இது. போகப்போகிற இடத்தை, நடக்கப்போகிறதை, பிள்ளையின் வாயால் சொல்வது போலப் படமும் ஒரு வரியுமாக எழுதுவது. எங்கள் பழைய சுற்றுலாப் படங்களையும் இணையத்தில் கிடைத்த படங்களையும் பிரின்ட் எடுத்து 14 பக்கத்தில் ஒட்டினேன். "நான் இருட்டோடு பஸ்ஸில் ஏறுவேன். சிலாபத்தில் பஸ் நிற்கும். டீச்சர்மார் சுபஹ் தொழுவார்கள். இது நூதனசாலை. இது வெள்ளை நிறம். உள்ளே சில நேரம் சத்தமாக இருக்கும். எனக்குச் சத்தம் பிடிக்காவிட்டால் காதுக்கு மூடி போடலாம். அதுவும் போதாவிட்டால் சிவப்பு அட்டையைக் காட்டலாம். டீச்சர் என்னை வெளியே கூட்டிப் போவார். பிறகு வீட்டுக்கு வருவேன். உம்மா கேட்டடியில் நிற்பார்."

இதில் ஒரு விதி இருக்கிறது. பொய் எழுதக் கூடாது. "சத்தமே இருக்காது", "பயமே வராது", "ஜாலியாக இருக்கும்" என்றெல்லாம் எழுதினால், அங்கே போய்ச் சத்தம் கேட்கும் நொடியில் பிள்ளை அந்தப் புத்தகத்தையும் நம்பாது, எங்களையும் நம்பாது. அதனால்தான் "சில நேரம்" என்ற சொல்லைப் போட்டேன். நடக்கலாம், நடக்காமலும் விடலாம். நடந்தால் என்ன செய்யலாம் என்று மட்டும் சொல்ல வேண்டும். "செய்யாதே, செய்யாதே" என்ற வரிகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இதை எழுதும்போது அந்த இரவு கேட்டடியில் நான் சொன்ன பொய் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

ஒவ்வோர் இரவும் உம்மா வாசித்துக் காட்டினார். பத்து நாளில் மகன் தானே பக்கம் புரட்டத் தொடங்கினான்.

மூன்றாவது, ஒரு வரைபடம். கையால் கீறியதுதான். கூட்டமாக இருக்கக்கூடிய இடங்களுக்குச் சிவப்பு, அமைதியான இடங்களுக்குப் பச்சை, கழிப்பறை எங்கே, மரநிழல் எங்கே, பஸ் எங்கே நிற்கும். நியூயோர்க்கில் இருக்கும் மெட்ரோபொலிட்டன் நூதனசாலை இப்படியொரு வரைபடத்தையும் முன்கூட்டியே வாசிக்கும் படக்கதைகளையும் தானே தயாரித்து வைத்திருக்கிறது. வொஷிங்டனில் ஸ்மித்சோனியன் நூதனசாலைகளும் லண்டனில் இயற்கை வரலாற்று நூதனசாலையும் சில நாட்களில் பொதுமக்களுக்குத் திறக்கும் முன்பே இந்தப் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு மட்டும் கதவைத் திறக்கின்றன. அதைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருக்காமல், எங்களால் ஆனதை ஒரு தாளில் நாமே கீறலாம்.

நான்காவது, ஒரு பை. உள்ளே காது மூடி. இதற்காகக் கொழும்புக்கு ஓட வேண்டாம். இரும்பு வெட்டுகிறவர்கள் காதில் மாட்டுவது ஹாட்வெயார் கடையில் கிடைக்கிறது. வெளிச்சம் கூசினால் போட ஒரு தொப்பி. உம்மாவின் ஷோல். வீட்டுத் தண்ணீர்ப் போத்தல். கொஞ்சம் கச்சான். மென்றுகொண்டிருந்தால் அவனுக்கு மனம் அடங்கும். பாரத்துக்கு இரண்டு தடித்த புத்தகம். நூதனசாலையில் எதையும் தொட முடியாது, ஆனால் இவனுக்குத் தொடாமல் இருக்க முடியாது. அதற்காகச் சட்டைப் பைக்குள் ஒரு சொரசொரப்பான கல்.

புதிய சாமானை அன்றைக்கே மாட்டினால் பிள்ளை கழற்றி எறிந்துவிடும். அதனால் காது மூடியை முதலில் வீட்டில் ஐந்து நிமிடம், பிறகு வகுப்பில், பிறகு ஊர் வாசிகசாலையில், பிறகு சிலாபம் வரை ஒரு பஸ் பயணத்தில் என்று பழக்கினோம்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சிவப்பு அட்டை. லெமினேட் பண்ணிக் கழுத்தில் நாடாவில் போட்டோம். ஒரு பக்கம் "வெளியே போக வேண்டும்" என்று எழுதியது. அதைக் காட்டினால் பெரியவர்கள் கேள்வி கேட்கக் கூடாது. "இன்னும் கொஞ்ச நேரம்", "இதை மட்டும் பார்த்துவிட்டு" என்று பேரம் பேசக் கூடாது. உடனே எழும்பிப் போக வேண்டும். வகுப்பில் ஒத்திகை பார்த்தோம். முதல் நாள் பதினேழு தடவை காட்டினான். பதினேழு தடவையும் வெளியே போனோம். எனக்குக் கோபம் வந்தது, சொல்லத்தான் வேண்டும். மற்றப் பிள்ளைகளின் கணக்குப் பாடம் பாதியில் நின்றது. மூன்றாம் நாள் நாலு தடவை. ஒரு வாரத்தில் ஒரு தடவை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் எங்களைச் சோதித்துக்கொண்டிருந்தான். கதவு உண்மையாகத் திறக்குமா என்று பார்த்தான். திறக்கும் என்று நம்பிக்கை வந்த பிறகு அவனுக்கு வெளியே போகும் அவசரம் இல்லை.

ஆறாவது, மற்ற 38 பிள்ளைகள். ஒருநாள் வகுப்பில் வானொலியை உரக்க வைத்தேன். டியூப் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டேன். ஒவ்வொருவர் கழுத்துக்குப் பின்னாலும் ஒரு துண்டுக் காட்போட் அட்டையைச் செருகச் சொன்னேன். அந்த நிலையில் பெருக்கல் கணக்கு பத்துக் கொடுத்து மூன்று நிமிடம் என்றேன். இரண்டு பேர்தான் முடித்தார்கள். "டீச்சர், தலை வெடிக்குது" என்றார்கள். "சில பேருக்கு எந்த நாளும் இப்படித்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னேன். மகனின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிப் போய் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தது.

ஏழாவது, நேரம். நூதனசாலைக்குத் தொலைபேசி எடுத்து, எந்த நாளில் கூட்டம் குறைவு என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார்கள். காலை 9 மணிக்குத் திறக்கும்போதே வாசலில் நிற்பது என்று தீர்மானித்தோம். மிருகக்காட்சிசாலையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். சில பெற்றார் குறைப்பட்டார்கள், அதிபர் பேசிச் சமாளித்தார். மகனுக்கு மூன்றே மூன்று விடயம். அந்தக் கட்டடம், கண்டி அரசரின் சிம்மாசனம், காலி மும்மொழிக் கல்வெட்டு. ஒவ்வொன்றையும் பார்த்ததும் ஒரு சரி போட ஒரு தாள். அவனோடு மட்டும் இருப்பதற்கு உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் என் தங்கச்சியைக் கூட்டிப் போனேன். நாற்பது பிள்ளைகளையும் இவனையும் ஒரே ஆள் பார்க்க முடியாது. அது முன்பே பட்டுத் தெரிந்த பாடம்.

போகும் வழியில் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னேன். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இந்த நூதனசாலையைக் கட்டுவித்தவர் ஆளுநர் வில்லியம் கிரெகரி. வரைபடம் போட்டவர் ஸ்மிதர். கட்டி எழுப்பியவர் எங்கள் வாப்பிச்சி மரைக்கார். 1877 ஜனவரி 1ஆம் திகதி திறந்தார்கள். திறப்பு விழாவில், "உங்களுக்கு என்ன சன்மானம் வேண்டும்?" என்று ஆளுநர் கேட்டாராம். மரைக்கார் தனக்கென்று எதுவும் கேட்கவில்லையாம். "வெள்ளிக்கிழமை எங்கள் ஜும்ஆ நாள். அன்றைக்கு இதை மூடி வையுங்கள்" என்றாராம். அப்படியே நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் மூடித்தான் இருந்தது. கதையைச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் இருந்த மகனைப் பார்த்தேன். ஒருவர் வாய் திறந்து கேட்டதால் ஒரு பெரிய கட்டடம் வாரத்தில் ஒரு நாள் அமைதியாக இருந்திருக்கிறது. நாங்கள் இந்தப் பிள்ளைகளுக்காக யாரிடமும் எதுவும் கேட்டதே இல்லை.

இனி அன்று நடந்தது.

எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மகன் இறங்கிப் புத்தகத்தைத் திறந்து படத்தையும் கட்டடத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "வெள்ளை" என்றான். முன்பக்கத் தூண்களை எண்ணினான். தாளில் ஒரு சரி.

உள்ளே கூட்டம் இல்லை. 1934இல் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்த சிம்மாசனத்தைப் பார்க்க எல்லாப் பிள்ளைகளும் முண்டியடித்தார்கள். மகன் அந்த வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கி, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு நொடியில் திரும்பிவிட்டான். சரி போட்டான். நாங்கள் "வடிவாப் பாருங்க" என்று சொல்லவில்லை.

கல்வெட்டுக்கு முன்னால்தான் நின்றான். 1409ஆம் ஆண்டு திகதியிட்டது. சீனத் தளபதி செங் ஹேயின் ஆட்கள் கொண்டுவந்து நாட்டியது. 1911இல் காலியில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதியிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் மூன்று விதமானவர்கள் என்று தெரிந்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில் வெட்டியிருக்கிறார்கள். வகுப்பில் இதைப் பலமுறை படிப்பித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்கே சொல்லப்பட்ட மாதிரி இருந்தது. மகன் பைக்குள் இருந்த கல்லைத் தேய்த்துக்கொண்டே அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஏழு நிமிடம். தங்கச்சி மணி பார்த்திருக்கிறாள்.

பிறகு இன்னொரு பாடசாலை உள்ளே வந்தது. சத்தம் கூடியது. மகன் காது மூடியைப் போட்டான். தோள் இறுகியது. மூச்சு வேகமானது. என் வயிறு கலங்கியது. இரண்டு வருடங்களுக்கு முன் இதே மாதிரித்தான் தொடங்கியது.

அவன் கை கழுத்துக்குப் போனது. சிவப்பு அட்டையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினான்.

உடனே வெளியே வந்தோம். மரத்துக்குக் கீழே இருந்தோம். பையை மடியில் வைத்து, ஷோலை முகத்தில் போட்டுக்கொண்டான். நாங்கள் பேசவில்லை. இருபது, இருபத்தைந்து நிமிடம். பிறகு கச்சான் கேட்டான். எழும்பி வாசல் வரை நடந்து, ஒரு தூணை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தான். மறுபடி உள்ளே போகவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மற்றப் பிள்ளைகள் மாடியெல்லாம் பார்த்து முடித்து வரும்வரை அவன் மரத்தடியில் இருந்து விழுதுகளை எண்ணினான். அங்கிருந்து காலிமுகத் திடல். கடலுக்கு அவனுக்கு எந்தத் தயாரிப்பும் தேவைப்படவில்லை. அலைச் சத்தம் அவனுக்குப் பிடிக்கும். ஏன் என்று எனக்கும் தெரியாது, உம்மாவுக்கும் தெரியாது.

இரவு கேட்டடியில் உம்மா நின்றார். அதே இடம். அதே கேள்வி. "புள்ள பார்த்தானா டீச்சர்?"

"உள்ளுக்கு இருபத்தஞ்சு நிமிஷந்தான் ராத்தா. மூணு சாமான் பார்த்த. கல்வெட்டை நல்லாப் பார்த்த. பிறகு சத்தம் தாங்க முடியாம வெளியில வந்த. மிச்ச நேரமெல்லாம் மரத்துக்குக் கீழேதான் இருந்த."

"அழுதானா?"

"அழல்ல. அட்டையைக் காட்டின. உடனே வெளிய வந்தம்."

அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அட்டையை அவனாவே காட்டினானா?" என்று கேட்டார். ஓ என்றேன். குனிந்து மகனுடைய கழுத்தில் தொங்கிய அந்த அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். நூதனசாலையைப் பற்றி அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. தன் பிள்ளை ஒன்றைக் கேட்டிருக்கிறான், கேட்டதை ஒருவர் நம்பியிருக்கிறார் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

அன்றிரவு மகன் எழும்பி அழவில்லையாம். அல்ஹம்துலில்லாஹ்.

சொந்தங்களே, இந்தப் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போவது பாதுகாப்பில்லை. ஒன்றும் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போய் நடுவில் நிறுத்துவதும் அன்பில்லை. முன்கூட்டியே உண்மையைச் சொல்லுங்கள். வெளியே போகும் வழியைக் கையில் கொடுங்கள். போதும் என்று பிள்ளை சொன்னால் போதும்தான். நூதனசாலைக்குப் போவது அவர்களுக்கும் உள்ள உரிமை. இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை நூதனசாலைகளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

நூதனசாலை வருடத்தில் ஒருநாள். கல்யாண மண்டபமும் பள்ளிவாசலும் கடைத்தெருவும் எந்த நாளும் இருக்கின்றன. பிள்ளை அழும் சத்தம் கேட்டால் தொழுகையைச் சுருக்கிக்கொண்டவர்கள் எங்கள் நபி (ஸல்) அவர்கள். நாங்கள் ஒரு ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைக்கலாம். வலீமாவில் ஒரு மூலையை அமைதியாக விட்டுவைக்கலாம். ஒரு பிள்ளை உடைந்துபோய் நிலத்தில் கிடந்தால் ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டு, அந்தத் தாய்க்கு வழி விடலாம்.

சுற்றுலா போகும் ஆசிரியர்கள் யாருக்காவது அந்த 14 பக்கப் புத்தகத்தின் மாதிரி வேண்டுமானால் சொல்லுங்கள், அனுப்புகிறேன். உங்கள் இடத்துக்கு ஏற்ற படங்களை மாற்றினால் சரி. ஆனால் "சில நேரம் சத்தமாக இருக்கும்" என்ற வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

மகனுக்கும் அவனுடைய உம்மாவுக்கும் துஆ செய்யுங்கள். எனக்கும்.